புல்மன்: காற்று சேர்த்த மண்ணில் ஒரு கல்லூரி ஊர்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், பசிபிக் கடலை ஒட்டி வாஷிங்டன் மாநிலம் இருக்கிறது. அந்த நாட்டின் தலைநகரான வாஷிங்டன் வேறு, இது வேறு. இந்த மாநிலத்தின் தென்கிழக்கு ஓரத்தில், ஐடஹோ மாநில எல்லைக்குப் பக்கத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே புல்மன் என்ற சிறிய ஊர் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,350 அடி உயரம். மூன்று ஓடைகள் கூடும் இடம் என்பதால் முதலில் 'மூன்று கிளை' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். பிறகு ரயில் பெட்டி தயாரித்த ஜார்ஜ் புல்மன் என்பவரின் பெயர் ஊருக்கு வந்தது. 1888-இல் நகரமானது.

வெள்ளையர் வந்து ஏர் பூட்டும் முன்பு இது பலூஸ், நெஸ் பெர்ஸ் பழங்குடியினர் குதிரை மேய்த்த புல்வெளி. 'பலூஸ்' என்ற பெயரே இந்த வட்டாரம் முழுவதற்கும் நிலைத்துவிட்டது.

பாதி ஊர் மாணவர்கள்

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புல்மனில் 32,901 பேர். இவர்களில் பெரும்பாலோர் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களும் அங்கே வேலை பார்ப்பவர்களும்தான். அதனால் ஊரில் எங்கு பார்த்தாலும் இருபது வயதை ஒட்டிய முகங்கள். ஆகஸ்டு கடைசியில் வகுப்பு தொடங்கும்போது தெருக்கள் நிறையும். மே மாதம் தேர்வு முடிந்ததும் ஊர் பாதியாகச் சுருங்கும். கடை வியாபாரம், வீட்டு வாடகை, தண்ணீர்ச் செலவு எல்லாமே இந்தக் கணக்கை ஒட்டித்தான் ஏறி இறங்கும். இந்தியா உள்பட பல நாடுகளிலிருந்து வேளாண்மை, கால்நடை மருத்துவம், பொறியியல் படிக்க வருபவர்களும் உண்டு.

1862-இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அரசு நிலத்தை மாநிலங்களுக்குக் கொடுத்து, அதை விற்ற பணத்தில் உழவும் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளைத் தொடங்கச் சொன்னது. அந்த வழியில் 1890-இல் நிறுவப்பட்டு 1892-இல் வகுப்புகள் தொடங்கிய வேளாண் கல்லூரிதான் இன்றைய பல்கலைக்கழகம். இங்குள்ள பால்பண்ணையில் தயாராகும் பாலாடைக்கட்டி தகர டப்பாவில் அடைத்து விற்பனையாகிறது. அதற்கென்றே தேடி வருபவர்கள் உண்டு.

காற்று கொண்டுவந்த மண்

ஊரைச் சுற்றிய நிலம் கடல் அலைபோல ஏறி இறங்கிக் கிடக்கும். பாறை குன்றுகளாக உயர்ந்ததில்லை, இவை மண்மேடுகள். பனியுகத்தில் பெருவெள்ளங்கள் கொண்டுவந்து கொட்டிய மெல்லிய வண்டலை, மேற்கிலிருந்து வீசிய காற்று பல ஆயிரம் ஆண்டுகளாகத் தூக்கி வந்து இங்கே குவித்தது. காற்று படிய வைத்த இந்த வண்டலை நிலவியலில் 'லோயஸ்' என்கிறார்கள். சில இடங்களில் இது 200 அடிக்கும் மேல் கனமாக இருக்கிறது. அதற்கடியில் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறை அடுக்கடுக்காக உள்ளது.

சரிவு அதிகமான மேடுகளிலும் கோதுமை விதைக்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அறுவடை இயந்திரத்தை இழுக்க முப்பது குதிரைகள் வரை பூட்டினார்கள். இன்றைய இயந்திரங்களில், வெட்டும் பகுதி நிலத்தின் சரிவை ஒட்டிச் சாய, ஓட்டுநர் உட்காரும் உடல் பகுதி மட்டமாகவே நிற்கும். இல்லாவிட்டால் வண்டி கவிழும், தானியமும் ஒரு பக்கம் ஒதுங்கி வீணாகும்.

மழை ஒரு பருவம், விளைச்சல் வேறு பருவம்

ஆண்டு மழையும் பனியும் சேர்த்து சுமார் 530 மில்லிமீட்டர்தான். பெரும்பகுதி நவம்பர் முதல் மார்ச் வரை விழுந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் மழை அபூர்வம். குளிர்காலத்தில் வெப்பம் உறைநிலைக்குப் போகும், பனி மூடும். கோடையில் பகல் 28 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தாலும் இரவு 10 டிகிரிக்கு இறங்கும்.

பாசனம் கிடையாது, பெரும்பாலும் மானாவாரிதான். செப்டம்பர், அக்டோபரில் விதைத்த கோதுமை பனிக்கடியில் தூங்கிக் கிடந்து, வசந்தத்தில் எழுந்து, குளிர்காலத்து ஈரத்தை உறிஞ்சி வளர்ந்து, ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் அறுவடைக்கு வரும். வேர் ஆழமாக இறங்க மண் கனமாக இருப்பதால்தான் இது முடிகிறது. நல்ல ஆண்டில் ஏக்கருக்கு 2 டன்னுக்கு மேல் விளைகிறது. ஈரம் தவறினால் அடி பலம். 2021-இல் வறட்சியோடு ஜூன் மாத வெப்ப அலையும் சேர்ந்தபோது மாநிலத்தின் கோதுமை உற்பத்தி முந்தைய ஆண்டின் பாதி அளவுக்கு விழுந்தது.

விளைவது பெரும்பாலும் மென்மையான வெள்ளைக் கோதுமை. கேக், பிஸ்கட், நூடுல்ஸுக்கு ஏற்றது. லாரியில் ஸ்நேக் ஆற்றங்கரைக்குப் போய், படகில் பல அணைகளின் நீர்ப்பூட்டுகளைக் கடந்து, கடல் துறைமுகத்திலிருந்து ஜப்பான், பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளுக்குப் போகிறது.

கோதுமைக்கு மாற்றுப் பயிர்களாக பார்லி, பட்டாணி, கொண்டைக்கடலை, மைசூர் பருப்பு விதைக்கிறார்கள். பருப்புக்கென்றே 1989 முதல் ஆகஸ்டில் புல்மனில் திருவிழா நடக்கிறது. பெரிய அண்டாவில் பருப்புச் சமையல் செய்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். இந்தியா 2019-இல் அமெரிக்கப் பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் கூடுதல் வரி போட்டபோது கவலைப்பட்டவர்களில் இந்த மேட்டு விவசாயிகளும் உண்டு. 2023-இல் அந்த வரி நீக்கப்பட்டது.

சாயாத கோதுமை

பழைய கோதுமை ரகங்கள் உயரமானவை. உரம் கூடுதலாக வைத்தால் கதிர் கனத்து, தாள் தாங்காமல் சாய்ந்துவிடும். புல்மனில் பணியாற்றிய ஆர்வில் வோகல் என்ற பயிர்ப்பெருக்க விஞ்ஞானி, ஜப்பானிலிருந்து 1946-இல் வந்த 'நோரின் 10' என்ற குட்டை ரகத்தை உள்ளூர்க் கோதுமையோடு இணைத்தார். அதில் வந்த 'கெய்ன்ஸ்' ரகம் 1961-இல் வெளியானது. சாயாமல் நின்றது, விளைச்சலும் உயர்ந்தது.

அந்தக் குட்டை விதையை வோகல் பூட்டி வைக்கவில்லை. மெக்சிகோவில் இருந்த நார்மன் போர்லாகுக்கும் கொடுத்தார். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் இந்தியாவுக்குக் குட்டைக் கோதுமை தேடியபோது முதலில் வோகலுக்குத்தான் எழுதினார். தம்முடைய ரகம் நீண்ட குளிர் வேண்டுவது, இந்தியாவின் குறுகிய குளிர்காலத்துக்குப் பொருந்தாது, போர்லாகைக் கேளுங்கள் என்று வோகல் வழிகாட்டினார். 1963-இல் போர்லாக் இந்தியா வந்தார். மெக்சிகோ விதைகளும் வந்தன. அதன் பிறகு பஞ்சாப் வயல்களில் நடந்தது எல்லோரும் அறிந்தது.

கரைந்த மேல்மண்

இத்தனை விளைச்சலுக்கும் விலை ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது. சரிவான நிலத்தை மேலும் கீழுமாக, மாவு போலாகும் வரை உழுதார்கள். குளிர்காலத்தில் வெறும் மண் உறைந்து, மேலே மட்டும் இளகும். அந்த நேரம் மழை பெய்தால் நீர் உள்ளே இறங்க வழியில்லை. இளகிய மண்ணை வழித்துக்கொண்டு ஓடையில் சேர்க்கும். 1978-இல் அமெரிக்க வேளாண்துறை வெளியிட்ட ஆய்வு, இந்த வட்டார சாகுபடி நிலத்தில் 10 சதவீதம் தன் மேல்மண் முழுவதையும் இழந்துவிட்டது என்றது. இன்னும் 60 சதவீத நிலத்தில் கால் பங்கு முதல் முக்கால் பங்கு வரை போயிருந்தது. பல ஆயிரம் ஆண்டுகளில் காற்று சேர்த்தது, நூறு ஆண்டு உழவில் போனது. மேட்டின் உச்சியில் இன்றும் வெளிறிய அடிமண் தெரிவதைப் பார்க்கலாம்.

இதற்குத் தீர்வாக உழாமல் விதைக்கும் முறை வந்தது. முந்தைய பயிரின் அரிதாளை நிலத்திலேயே விட்டு, அதைக் கீறி விதையும் உரமும் போடுவது. மண் ஓட்டம் நன்றாகக் குறைந்தது. ஆனால் புதிய தொல்லை கிளம்பியது. அரிதாளிலும் தானாக முளைத்த கோதுமையிலும் களையிலும் வேரழுகல் பூஞ்சைகள் தங்கி, அடுத்த பயிரைப் பிடித்தன. புல்மனில் ஆராய்ந்த ஜேம்ஸ் குக் குழுவினர் சொன்ன வழிகள் எளியவை: களையையும் தான்முளைப் பயிரையும் இரண்டு மூன்று வாரம் முன்பே அழித்துவிட வேண்டும், உரத்தை விதைக்குக் கீழே, வேர் எட்டும் இடத்தில் வைக்க வேண்டும், பயிரை மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

இந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரே நிலத்தில் தொடர்ந்து கோதுமை போட்டால் சில ஆண்டுகள் வேர்நோய் ஏறும், பிறகு தானாக இறங்கும். காரணம், வேரைச் சுற்றிப் பெருகும் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்ற பாக்டீரியா பூஞ்சையை அடக்கும் பொருளைச் சுரப்பதுதான். தமிழக விவசாயிகள் நெல் விதை நேர்த்திக்கும் நாற்றங்காலுக்கும் பயன்படுத்தும் சூடோமோனாஸும் இதே இனம்தான்.

இறங்கும் நீர்

மண்ணுக்கு வழி கிடைத்தது. தண்ணீருக்கு இன்னும் முழுவழி கிடைக்கவில்லை. புல்மனும் 13 கிலோமீட்டர் தள்ளி ஐடஹோவில் உள்ள மாஸ்கோ என்ற மற்றொரு கல்லூரி ஊரும் குடிப்பது பசால்ட் பாறை அடுக்குகளில் உள்ள ஒரே நிலத்தடி நீரை. ஊர் தொடங்கிய காலத்தில் குழாய் இறக்கினால் நீர் தானாகப் பொங்கி வந்தது. இன்று ஆழத்திலிருந்து மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். மட்டம் பல பத்தாண்டுகளாக ஆண்டுக்குச் சுமார் ஓர் அடி என்ற அளவில் இறங்கி வந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த பழைய நீர். எடுக்கும் வேகத்துக்கு மேலிருந்து நீர் இறங்குவதில்லை.

மாநில எல்லை நிலத்தடி நீருக்குத் தெரியாது. அதனால் இரு ஊர்களும் இரு பல்கலைக்கழகங்களும் மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து குழு அமைத்து, கிணற்று மட்டத்தைத் தொடர்ந்து அளந்து கணக்கு வைக்கின்றன. புல்தரைக்கு நீர் விடுவதைக் குறைப்பது, ஆற்று நீரைக் குழாயில் கொண்டுவருவது, குளிர்கால உபரி நீரை நிலத்துக்குள் செலுத்துவது என்று வழிகளை ஆராய்கிறார்கள். மக்கள் பெருகியும் மொத்தமாக இறைக்கும் நீரைக் கட்டுக்குள் வைத்ததில் மட்டம் இறங்கும் வேகம் குறைந்திருக்கிறது. ஆனால் நிற்கவில்லை.

ஒவ்வோர் ஆகஸ்டிலும் மேடுகளில் அறுவடை முடிகிற சமயத்தில் மாணவர்கள் வந்து இறங்குகிறார்கள். அரிதாள் நிலத்தில் நின்றால் அந்தக் குளிர்காலத்தில் மண் தங்கும் என்பது அங்குள்ள விவசாயிக்கு இப்போது தெரியும். இறைத்த நீருக்கு ஈடாக எவ்வளவு திரும்ப உள்ளே போகும் என்பதுதான் ஊர் இன்னும் போட்டு முடிக்காத கணக்கு.