பரண் மேல ஒரு மச்சான்!

காலேஜ்ல கடலை போடுறவங்களை உங்களுக்குத் தெரியும். கடலைக்குக் காவல் இருந்தவனைத் தெரியுமா? ஹலோ... அடியேன்தான்!

நிஜக் கடலைங்க. வேர்க்கடலை. திருத்தணியில இருந்து நகரி போற பக்கம், மலையடிவாரத்துல எங்க தாத்தாவுக்கு ஒண்ணேகால் ஏக்கர் இருக்கு. ஆடியில விதைச்சா, புரட்டாசியில பூமிக்குக் கீழ காய் முத்தும். நமக்கு அது தெரியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே காட்டுப்பன்னிக்குத் தெரிஞ்சிடும். ஒரே ராத்திரியில பத்துப் பாத்தியை டிராக்டர் விட்ட மாதிரி உழுதுட்டுப் போயிடும். எப்பவாவது நாலஞ்சு புள்ளிமான் வந்து கொழுந்தை மட்டும் நறுக்குனு கடிச்சுட்டு நாசூக்கா நடந்து போகும்.

போன வருஷம் மாமா பொறுமை போய் ஒரு ஐடியா சொன்னார். "மோட்டார் லைன்ல இருந்து ஒரு கம்பி இழுத்து வரப்பைச் சுத்தி விட்டுடலாம்." எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. 2023 மார்ச்ல தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்துல இப்படி இழுத்த கம்பியில மூணு பெண் யானைங்க செத்துக் கிடந்ததும், ரெண்டு குட்டிங்க அதுங்களைச் சுத்திச் சுத்தி வந்ததும் நீங்களும் டி.வி-யில பார்த்திருப்பீங்க. அந்த வருஷமே மின்வேலிக்குப் பதிவு, ஒழுங்குமுறைன்னு தமிழ்நாட்டுல தனி விதிகளே வந்துச்சு. அதெல்லாம் விடுங்க, ராத்திரி தண்ணி பாய்ச்ச வர்ற பக்கத்து நிலத்துக்காரர் காலுக்குப் பன்னி எது, மனுஷன் எதுன்னு கம்பி பார்க்குமா?

"வேணாம் மாமா, நான் பரண் கட்டித் தர்றேன்"னு வாய் விட்டுட்டேன். மெக்கானிக்கல் மூணாவது வருஷம்ங்கிற கெத்து வேற!

பரண் தெரியும்ல? திருத்தணிக்காரனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம். எங்க மலை மேல இருக்கிற முருகன் கல்யாணம் பண்ணின வள்ளியே பரண் மேல உட்கார்ந்து தினை காத்த பொண்ணு. மான் வயித்துல பிறந்தவங்கன்னும் கதை உண்டு. சங்கப் பாட்டுல பரணுக்கு இதணம்னு பேரு. கிளி ஓட்டுறதுக்கு தட்டை, குளிர், தழல்னு தனித்தனி கருவிகளே வெச்சிருந்தாங்க. ஊர் எல்லை தாண்டி அந்தப் பக்கம் போனா தெலுங்குல 'மஞ்செ'ன்னு சொல்வாங்க. வடக்கே அதுவே 'மச்சான்'! ஜிம் கார்பெட் புலி வேட்டைப் புத்தகங்கள்ல பக்கத்துக்குப் பக்கம் மச்சான் வரும். நானும் ஸ்கூல் படிக்கும்போது 'இவர் ஏன் எப்பப் பார்த்தாலும் மச்சான் மேலயே ஏறி உட்கார்றார்'னு குழம்பியிருக்கேன்.

எங்க பழைய பரண் நாலு கம்பு நட்டுக் கட்டினது. கரையான் அரிச்சு ஒரு பக்கம் சாய்ஞ்சு கிடந்துச்சு. தவிர, அது ஒரே மூலையில நிக்கும். பன்னி எதிர் மூலையில வரும். அதனால கழட்டித் தூக்கிட்டுப் போற மாதிரி ஒண்ணு வேணும்னு தேடினேன். அமெரிக்காவுல மான் வேட்டைக்குன்னே இப்படி விக்கிறாங்க. மடக்கிற பலகை, சீட், மரத்தைச் சுத்திக் கட்டுற பெல்ட்... முதுகுல பை மாதிரி மாட்டிட்டுப் போயிடலாம். ஏணியோட வர்றது ஒண்ணு, மூணு காலோட தனியா நிக்கிறது ஒண்ணு, ஆளையும் சேர்த்து மரத்துல படிப்படியா ஏத்துறது ஒண்ணுன்னு வகை வகையா இருக்கு. ஏணி வகை சேஃப்டி, ஆனா கனம். மரம் ஏறுற வகைக்கு கிளையே இல்லாத நேர் மரம் வேணும். நமக்குப் பட்ஜெட்டும் இல்லை, பார்சல் வர்ற ஊரும் இல்லை. பெல்ட் வகையைப் பார்த்து வரைஞ்சு, வெல்டிங் பட்டறையில கொடுத்தேன். முக்கால் இன்ச் சதுர பைப், ரெண்டடிக்கு ரெண்டரையடி பலகை, லாரியில லோடு இறுக்குற ராட்செட் பெல்ட் ரெண்டு. மொத்தம் 12 கிலோ.

கொஞ்சம் கணக்கு பேசவா? ஓடாதீங்க, ஒரே பத்திதான். 80 கிலோ ஆள் மரத்துல இருந்து 45 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்றார். ஃப்ரேமோட உயரம் 60 சென்டிமீட்டர். அப்போ மேல் பெல்ட்டை மரத்தை விட்டு இழுக்கிற விசை 80 பெருக்கல் 45 வகுத்தல் 60, அதாவது 60 கிலோ. அவ்வளவுதானான்னு தோணும். ஆனா அவர் தொப்புன்னு உட்கார்ந்தார்னா? திடீர்னு விழற சுமைக்கு ரெண்டு மடங்குன்னு செகண்ட் இயர்ல படிச்சோமே, அது இங்கதான் வேலை செய்யுது. நான் நாலு மடங்கு வெச்சுக் கணக்குப் போட்டேன். அரியர் வெச்ச பேப்பர்தான்... இருந்தாலும் வாழ்க்கையில உதவுது!

அடுத்து மரம். வரப்புல முருங்கை நின்னுச்சு, அதை நான் பார்க்கக்கூட இல்லை. முருங்கைக் கிளை எந்த நேரத்துல முறியும்னு அதுக்கே தெரியாது. தைல மரம் நேரா இருக்கும், பட்டை உரியும், பெல்ட் வழுக்கும். புளியமரம் தெம்பானது, ஆனா அடி பெருத்து பெல்ட் பத்தலை. கடைசியில ஒரு வேம்பு. உசிரோட இருக்கிற மரமா, பொந்து இருக்கா, காய்ஞ்ச கிளை தலைக்கு மேல தொங்குதா, தேன்கூடு இருக்கா, முசுறு எறும்பு இருக்கா... பகல்லயே ஏறிப் பார்த்துடுங்க. கடைசி ரெண்டையும் ராத்திரியில கண்டுபிடிக்கிற அனுபவம் உங்களுக்கு வேண்டாம்.

பதினஞ்சு அடி உயரத்துல கட்டினேன். முதல் ராத்திரி வேட்டைக்காரங்களுக்குச் சொல்ற எல்லா ரூலையும் ஃபாலோ பண்ணினேன். காத்து மிருகத்துக்கிட்ட இருந்து நம்ம பக்கம் வரணும், நம்ம வாடை அதுக்குப் போகக்கூடாது. சூரியன் சாய்ஞ்சதும் மலை சீக்கிரம் குளிர்ந்து காத்து சரிவுல கீழ இறங்கும். அதனால மலைக்கு எதிர்ப்பக்கம், கிழக்கு வரப்புல உட்காரணும். அசையக்கூடாது. இலைகளுக்கு முன்னாடி இருந்தா உருவம் தெரியாது. மானுக்கு சிவப்பு சரியாப் பிரிஞ்சு தெரியாது, நீலம் நல்லாத் தெரியுமாம். ஜீன்ஸைக் கழட்டிட்டு தாத்தாவோட பழுப்பு வேட்டியைக் கட்டிக்கிட்டேன். சோப்புகூடப் போடலை. (அதுல எனக்கொண்ணும் கஷ்டமில்லை!)

ரிசல்ட்? சூப்பர் சக்ஸஸ். ராத்திரி ஒண்ணரை மணிக்கு மூணு புள்ளிமான் என் காலுக்குக் கீழ, இருபதடி தூரத்துல வந்து நின்னுச்சு. நிலா வெளிச்சத்துல புள்ளி தெரியுது. ஒண்ணு காதைத் திருப்பித் திருப்பி வெச்சுது, மூக்கு ஈரமா மினுங்குச்சு. நான் மூச்சே விடலை. அதுங்க பாட்டுக்கு அரை மணி நேரம் மேய்ஞ்சதுங்க. பின்னாடியே ஒரு பன்னிக் கூட்டம். நான் அப்பவும் மூச்சு விடலை!

காலையில தாத்தா பாத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னாடா பண்ணிக்கினு இருந்த மேல?"

"மறைஞ்சு இருந்தேன் தாத்தா. ஒண்ணுக்குமே நான் இருக்கிறது தெரியலை!"

"ரேய், அதை சுடவாடா போன? ஒன் வாடை பட்டுத்தான் அது ஓடணும். நீ ஒளிஞ்சிக்கினா அது துண்ணாம இன்னா பண்ணும்?"

அப்பத்தான் உறைச்சுது. வேட்டைப் பரணும் காவல் பரணும் பார்க்க ஒண்ணு, வேலை நேர் எதிர். அன்னிக்கே கழட்டி மலைப்பக்க வரப்புல இருந்த இன்னொரு வேம்புல மாட்டினோம். இப்போ இறங்குற காத்து என் வாடையைக் கடலைச் செடி மேல முழுக்கப் பரப்பும். தாத்தா ஒரு பழைய தகர டின்னும் கயிறும் கொடுத்தார். டார்ச்சை அரை மணிக்கு ஒரு தடவை வேற வேற பக்கம் அடிக்கணும். ஒரே மாதிரி அடிச்சா ரெண்டு நாள்ல பழகிடும். மூணாவது ராத்திரி ஒண்ணுமே வயல்ல இறங்கலை.

நாலாவது ராத்திரி விடியக்காலை மூணு மணிக்கு நான்தான் இறங்கினேன். ஒரே ஸ்பீடுல!

பலகையில இருந்து ஏணிக்குக் காலை வெச்சேன். பனி பிடிச்ச மூங்கில். வழுக்கிடுச்சு. பதினஞ்சு அடியில இருந்து விழுந்தா தரையைத் தொட ஒரு செகண்டுகூட ஆகாது. தொடும்போது வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர். இதை நான் அப்புறம்தான் கணக்குப் போட்டேன். அப்போ ஞாபகம் வந்ததெல்லாம் அம்மா முகம் மட்டும்தான். ஒண்ணரை அடி போனதும் தோள்லயும் தொடையிலயும் சுளீர்னு இழுத்து நிறுத்திடுச்சு.

செல்போன் டவர் வேலைக்குப் போற ஒரு அண்ணன்கிட்ட கடன் வாங்கின ஃபுல் பாடி ஹார்னஸ் அது. தோள், மார்பு, தொடை எல்லாத்தையும் சுத்தி வர்றது. இடுப்புல மட்டும் கட்டுற பெல்ட் வேண்டவே வேண்டாம். விழுந்தா வயித்தை அறுக்கும், இல்லேன்னா ஆளைத் தலைகீழாத் தொங்க விடும். மரத்து உச்சியில இருந்து தரை வரைக்கும் ஒரு கயிறு, அதுல ப்ருசிக்னு ஒரு முடிச்சு. கையால தள்ளினா நகரும், எடை விழுந்தா இறுகிப் பிடிச்சுக்கும். தரையில கால் இருக்கும்போதே அதை மாட்டிடணும், இறங்கி முடிச்ச பிறகுதான் கழட்டணும். மேல போய் மாட்டிக்கலாம்னு நினைக்கிறவங்கதான் விழறாங்க. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் ஆபத்தே. ரெண்டு கை ஒரு கால், இல்லேன்னா ரெண்டு கால் ஒரு கை, மூணு எப்பவும் ஏணியில இருக்கணும். டார்ச், ஃப்ளாஸ்க் எல்லாம் தனிக் கயித்துல கட்டி அப்புறமா மேல இழுத்துக்கோங்க. ஹார்னஸ்ல ரொம்ப நேரம் தொங்கினாலும் ஆபத்துதான், கால்ல ரத்தம் தேங்கிடும். அதனால காலை நுழைச்சு நிக்க ஒரு கயிறு வளையமும் பாக்கெட்ல இருக்கணும். நான் நல்லவேளையா காலைத் துழாவி ஏணியைப் பிடிச்சுட்டேன். முன்னாடி நாள் வரைக்கும் 'இதுக்கு எதுக்கு இவ்ளோ சீன்'னு அந்த ஹார்னஸைப் போட யோசிச்சவன் நான்.

விஷயம் ஊர்ல பரவிடுச்சு. அஞ்சாம் நாள் சாயங்காலம் ஒருத்தர் வந்தார். எனக்குப் பெரியப்பா முறை ஆகணும். சின்ன வயசுல என்னைத் தோள்ல வெச்சு ஆடிக் கிருத்திகைக்கு மலை ஏத்தினவர். பரணைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். பெல்ட்டை இழுத்துப் பார்த்தார்.

"மானு வருதாமே? ஒரே ஒரு ராத்திரி குடு நைனா. பழையபடி அந்தக் கெயக்கு வேம்புல மாட்டிக்கிறேன். கறியில பாதி ஒங்க வீட்டுக்கு."

எனக்கு எல்லாம் தெரியும். 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, 1991 திருத்தத்துல வேட்டை லைசென்ஸையே தூக்கிட்டாங்க. 1998-ல ராஜஸ்தான்ல நடந்த மான் வேட்டைக்கு 2018-ல சல்மான் கானுக்கே ஜோத்பூர் கோர்ட் 5 வருஷம் தண்டனை கொடுத்துச்சு, அவர் அப்பீல் போனார். இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேரா சொன்னேனா? இல்லைங்க.

"பெரியப்பா, அது 80 கிலோதான் தாங்கும்"னேன்.

அவர் நூறு இருப்பார். என் கணக்குல அது அவரையும் தாங்கும். பொய் சொன்னேன். அந்த மூணு மான்ல ஒண்ணு காதைத் திருப்பினது கண்ணுல நின்னுச்சு. அதைச் சொன்னா சிரிப்பார்னு கூச்சம். அவர் இளைக்கிறதுக்கு வழி சொல்லுடான்னு சிரிச்சிக்கிட்டே ஏணியில கை வெச்சப்போதான் தாத்தா திண்ணையை விட்டு எழுந்தார்.

"துப்பாக்கி என் நெலத்துல வந்துச்சுன்னா நான் ஸ்டேஷனுக்குப் போவேன். ஒன்னியும் சேத்துத்தான் சொல்வேன்."

வள்ளி திருமணம் நாடகத்துல வேடன் வேஷம் போட்டு வந்து 'மான் வந்துச்சா'ன்னு கேட்பாரே, அவர் கடைசியில மாப்பிள்ளை ஆகிடுவார். எங்க வீட்டு வேடன் ஒண்ணும் பேசாம செருப்பை மாட்டிட்டுப் போனார். தீபாவளிக்கு வரலை. தை மாசம் ஒரு கல்யாணத்துல பந்தியில எதிர்ல உட்கார்ந்தும் என்னைப் பார்க்கலை. அம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் என் மேல வருத்தம். 'பெரியவர்கிட்ட கொஞ்சம் பதமா சொல்லியிருக்கலாம்'கிறாங்க. பொய்யை விடப் பதமா எப்படிச் சொல்றது, நீங்களே சொல்லுங்க.

கடலை நல்லாவே விளைஞ்சுது. போன வருஷத்தை விட நாலு மூட்டை கூட. மாமா கம்பிப் பேச்சையே எடுக்கலை. பரணை மடக்கிக் கொல்லையில வெச்சிருந்தோம். போன தடவை போனப்போ பாட்டி அது மேல மோர் மிளகாய் காயவெச்சிருந்தாங்க. ஃப்ரேம் அப்படியே இருக்கு, லேசாத் துரு. வெயில் பட்டு ராட்செட் பெல்ட் ரெண்டும் வெளுத்து ஓரத்துல நூல் பிரிஞ்சிருக்கு. ஆடிக்குள்ள புதுசு வாங்கணும்.