பாதம் படிக்கும் எழுத்து

மெட்ரோ நிலையங்களில் பதித்திருக்கும் மஞ்சள் ஓடுகள் வழுக்காமல் இருப்பதற்காகத்தான் என்று பல நாள் நினைத்திருந்தேன். பார்வையற்ற நண்பர் ஒருவரோடு சென்னை மெட்ரோவில் போன அன்றுதான் அந்த நினைப்பு மாறியது.

"தம்பி, செருப்பைக் கழற்றிட்டு ஒரு தடவை நின்னு பாரு. நீளக் கோடு வந்தா நட. குமிழ் வந்தா நில்லு" என்றார்.

நின்றேன். பாதத்தில் முதலில் கோடுகள், நாலடி தள்ளிக் குமிழ்கள். இரண்டே எழுத்துள்ள மொழி அது. இதை முதலில் எழுதியது யார் என்று தேடத் தொடங்கினேன்.

ஜப்பானில் இந்த ஓட்டுக்குத் 'தெஞ்சி பிளாக்' என்று பெயர். தெஞ்சி என்றால் பிரெய்ல், பார்வையற்றோர் விரலால் தொட்டுப் படிக்கும் எழுத்து. அதனால் லூயி பிரெய்லின் பிரான்சுக்குப் போய்த் தேடினேன். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. தேடல் என்னைக் கொண்டு சேர்த்த இடம் மேற்கு ஜப்பானின் ஒகாயாமா நகரம்.

அங்கே விடுதி நடத்திவந்தவர் செய்இச்சி மியாகே. அவருடைய நண்பர் ஹிதெயுகி இவாஹாஷி பார்வை இழந்தவர். பாசியும் மண்ணும் சேரும் எல்லை, காலணி போட்டிருந்தாலும் தனக்குத் தெரியும் என்று இவாஹாஷி ஒருமுறை சொல்லியிருக்கிறார். மியாகே அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். தரையில் மேடு வைத்தால் பாதம் அதைப் படித்துவிடும் அல்லவா? சொந்தப் பணத்தைப் போட்டு 1965-ல் இந்தக் கல்லை உருவாக்கினார். 1967 மார்ச் 18 அன்று, ஒகாயாமா பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே உள்ள சாலைச் சந்திப்பில் 230 கற்கள் பதிக்கப்பட்டன. உலகில் இவை பதிக்கப்பட்ட முதல் இடம் அதுதான்.

அவை கான்கிரீட் கற்கள். 1970-ல் ஒசாகாவின் அபிகோச்சோ ரயில் நிலைய நடைமேடைக்கு வந்தன. பிறகு ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் அச்சில் வார்த்த ஓடுகள் வந்தன. ஏற்கெனவே போட்ட தரையைத் தோண்டாமல் மேலேயே ஒட்டிவிடலாம். ஒரே அச்சில் வார்ப்பதால் எல்லாக் குமிழும் ஒரே உயரத்தில் அமையும். பாதத்துக்கு அது முக்கியம். ஊருக்கு ஊர் வடிவம் மாறினால் படிப்பவர் குழம்பிப்போவார். அதனால்தான் ஜப்பான் 2001-ல் தரநிர்ணயம் செய்து, குமிழின் உயரத்தை 5 மில்லிமீட்டர் என்று வகுத்தது. 2012-ல் பன்னாட்டுத் தரமும் வந்தது. மஞ்சள் நிறத்துக்கும் காரணம் உண்டு. பார்வை மங்கியவர்களுக்குச் சுற்றியுள்ள தரையிலிருந்து அது பளிச்சென்று பிரிந்து தெரியும்.

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னேன். பாசியும் மண்ணும் என்றதும் சிரித்தார். "எங்க ஊர்ல வரப்பும் வயலும் எனக்கு அப்படித்தான் தெரியும்" என்றார்.

அடுத்த வாரம் இருவரும் ஒரு நடைபாதையில் போனோம். மஞ்சள் கோடு நேராகப் போய் ஒரு மின்கம்பத்தில் முட்டி நின்றது. கம்பத்துக்கு முன்னால் ஒரு குமிழ்கூட இல்லை. அவர் தடியால் கம்பத்தைத் தட்டிப் பார்த்தார், கையால் தடவினார்.

"ஓடு பதிச்சவங்க எங்களை மாதிரி ஒருத்தரை இதுல ஒரு தடவை நடக்கவெச்சுப் பார்த்திருக்கலாம், தம்பி."

மியாகே முதலில் செய்தது அதைத்தான். நண்பரின் பாதத்துக்கு என்ன தெரியும் என்று காதுகொடுத்துக் கேட்டார். கல்லை அதற்கு அப்புறம்தான் வார்த்தார்.