விடுவதற்கும் ஒரு துணை வேண்டும்

அரபு மொழியில் புகையிலைக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று ‘துகான்’. அதன் நேர்ப்பொருள் புகை என்பதே. தமிழோ இலையையும் சேர்த்துப் ‘புகையிலை’ என்றது. மத்ரஸா மாணவர்களுக்கு இவ்விரு சொற்களையும் ஒப்பிட்டுக் காட்டுவது என் வழக்கம். பழங்காலத்து அரபு நூல்களில் துகான் என்றால் புகை மட்டுமே. ஏனெனில் புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. அது கீழை நாடுகளில் பரவி ஏறத்தாழ நானூறு ஆண்டுகளே ஆகின்றன.

பரவிய வேகத்தைக் கண்டு அரசர்கள் அஞ்சினர். 1617இல் புகையிலையைத் தடை செய்ததாக முகலாய மன்னர் ஜஹாங்கீர் தம் வரலாற்று நூலில் எழுதியுள்ளார். பாரசீகத்தின் ஷா அப்பாஸும் தடை விதித்திருந்தார். ஆனால் ஜஹாங்கீரின் தூதராக அங்கே சென்ற கான் ஆலமுக்கோ புகையில்லாமல் ஒரு கணமும் இருக்க இயலவில்லை. இறுதியில் ஷாவே மனமிரங்கி அவருக்கு மட்டும் விலக்களித்தார். உதுமானிய சுல்தான் நான்காம் முராத் 1633இல் புகைப்போருக்கு மரண தண்டனையே விதித்தார். அக்காலத்து அறிஞர் காத்திப் செலெபி ‘மீஸானுல் ஹக்’ என்னும் நூலில் தரும் செய்தி நம்மை வியக்க வைக்கிறது. தண்டனைகள் நிறைவேறிக் கொண்டிருந்த வேளையிலும் படைவீரர் சிலர் சிறு குழாய்களைச் சட்டைக் கைக்குள் ஒளித்து வைத்துப் புகைத்தனராம்!

வாளுக்கு அஞ்சாத பழக்கம் வசைக்கு அஞ்சுமா? இதனை நம் குடும்பங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னையில் மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் இஷாவுக்குப் பின் தெருவில் நடந்து பாருங்கள். தேநீர்க் கடையின் ஓரத்தில் நின்று அவசரமாக இரண்டு இழுப்பு இழுத்து, வாயில் ஏலக்காயைப் போட்டுக்கொண்டு வீடு திரும்பும் குடும்பத் தலைவர்களைக் காணலாம். நாம் கடிந்து பேசியதன் பயன் இவ்வளவே. பழக்கம் போகவில்லை, மாடிக்கும் தெருமுனைக்கும் இடம் மாறியது.

இது மன உறுதி இல்லாமையால் மட்டும் வருவதன்று. புகையை உள்ளிழுத்த சில நொடிகளில் நிக்கோட்டின் மூளையை அடைந்து இன்பம் ஊட்டுகிறது. நாளடைவில் அது இல்லாவிடில் எரிச்சலும் படபடப்பும் உறக்கமின்மையும் தோன்றும்படி மூளை பழகிவிடுகிறது. 2016-17இல் நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 28.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துவது தெரிய வந்தது. அவர்களுள் புகைப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் விட்டுவிட எண்ணியிருந்தனர் என்பதையும் அதே கணக்கெடுப்பு கூறிற்று. ஆக, விருப்பத்திற்குக் குறைவில்லை, குறைவு துணைக்கே.

என் தமக்கையின் கணவர் மண்ணடியில் இரும்புக் கடை நடத்துபவர். முப்பது ஆண்டுக் காலப் புகைப் பழக்கம். ரமளானில் நாளொன்றுக்கு 13 மணி நேரத்துக்கும் மேலாக அவர் அதனைத் தொடுவதில்லை. ஆனால் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து, கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்ததும் கை சட்டைப் பைக்குப் போய்விடும். “பகலெல்லாம் முடிகிறவருக்கு இரவில் மட்டும் ஏன் முடியவில்லை?” என்று உறவினர் கேலி செய்வர். அவர் பதில் பேசாமல் மாடிக்குச் சென்றுவிடுவார். மும்முறை விட முயன்றார். மும்முறையும் யாரிடமும் சொல்லாமலே முயன்றார், யாரும் அறியாமலே தோற்றார். பின்னர் மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கலானார்.

ஒரு நாள் அவருடைய இளைய மகள், “வாப்பா, எந்த நேரத்துலே இது இல்லாம உங்களுக்கு ரொம்ப முடியலே?” என்று கேட்டாள். அதுவரை எவரும் கேட்காத கேள்வி அது. மச்சான் நெடுநேரம் யோசித்து, “காலைத் தேத்தண்ணிக்குப் பிறகும், கடையைச் சாத்தின உடனேயும்” என்றார். அவ்விரு வேளைகளையும் தங்கள் பொறுப்பாக வீட்டார் ஏற்றுக்கொண்டனர். சிகரெட் பெட்டியின் மீதே அச்சிடப்பட்டிருந்த எண்ணுக்கு மகள் தொலைபேசி செய்து கொடுத்தாள். மறுமுனையில் இருந்த ஆலோசகரின் துணையோடு விடும் நாளைக் குறித்துக்கொண்டனர். கடையைச் சாத்தியதும் பக்கத்துக் கடை நண்பர் வந்து, தேநீர்க் கடையில்லாத வேறு தெரு வழியாக அவரைப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்றார்.

பத்தொன்பதாம் நாள், ஒரு நிக்காஹ் வீட்டில், பழைய கூட்டாளிகளோடு நின்று ஒரு சிகரெட்டைப் புகைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து தாமே சொன்னார். என் தமக்கை, “பதினெட்டு நாள் விட்டீங்களே, நாளையிலேருந்து மறுபடி எண்ணுவோம்” என்று மட்டும் சொன்னார். இப்போது ஓராண்டு கடந்துவிட்டது. அவர் படியில் நிற்காமல் மாடியேறுகிறார்.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடங்கள் உள்ளன. புகைக்க வேண்டுமென்ற வேட்கை எழும்போது அது பெரும்பாலும் சில நிமிடங்களே நிற்கும். அந்தச் சில நிமிடங்களைத் தண்ணீரிலோ, நடையிலோ, பேச்சிலோ கழித்துவிட்டால் தணியும். முதல் வாரம் கடினமானது. சில வாரங்களில் உடலின் தொல்லைகள் குறையும். அந்நாட்களில் அவர் சினந்து பேசினால் வீட்டார் பொறுத்தருள வேண்டும். நிக்கோட்டின் கலந்த மெல்லும் பசை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அதனை மிட்டாய் போல் மென்று தள்ளாமல், மெதுவாக மென்று கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். இதய நோயுள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும். முறையான ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் வெற்றி வாய்ப்பு இரு மடங்குக்கும் மேலாகும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

நம் அரசு 2016இல் தொடங்கிய கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2356. தமிழிலும் பேசலாம். சென்னைவாசிகளுக்கு அடையாறு புற்றுநோய் நிலையம் அருகிலேயே இருக்கிறது. 2002இல் நாட்டில் முதன்முதலாக அமைந்த 13 புகையிலை விடுவிப்பு மையங்களுள் ஒன்று அங்கே ஏற்பட்டதுதான். பீடி புகைப்போரும், வெற்றிலையோடு புகையிலை மெல்லும் நம் தாய்மார்களும் இவ்வுதவிக்கு உரியவர்களே.

காலம் கடந்துவிட்டது என்று எவரும் சோர வேண்டியதில்லை. விட்ட இருபது நிமிடங்களில் இதயத் துடிப்பு தணியத் தொடங்குகிறது. ஓராண்டில், புகைப்போருக்கு உள்ள இதய நோய் அபாயத்தில் ஏறத்தாழப் பாதி குறைகிறது.

மஹல்லா ஜமாஅத்துகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில், தொழுகை நேரங்களுக்குக் கீழே அந்தத் தொலைபேசி எண்ணையும் எழுதி வையுங்கள். விட்டு வெற்றி கண்ட ஒருவரை, விட விரும்பும் ஒருவருக்கு மாலைத் துணையாக அமர்த்துங்கள். இதற்குப் பெருஞ்செலவு எதுவுமில்லை. குடும்பத்தாரோ, இன்றிரவு மாடிக்குச் செல்பவரைப் பார்த்து முகம் சுளிக்காமல், அந்தப் பெண் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். அவர் சொல்லும் நேரத்தில் அவருடன் இருங்கள். அல்லாஹ் நம் இல்லத்தார் அனைவருக்கும் நலமிக்க மூச்சை நல்குவானாக!