மூட்டுக்கும் தீனி வேண்டும்

எங்கள் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு மூட்டுவலியோடு வருகிற பலரும் கையோடு எக்ஸ்ரே கவரைக் கொண்டுவருவார்கள். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "தேஞ்சே போச்சும்மா" என்று தீர்ப்பையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். எலும்புகளுக்கு நடுவே இடைவெளி குறைந்திருப்பது படத்தில் தெரியும், வலி தெரியாது. படத்தில் மோசமாகத் தெரியும் மூட்டோடு மாடிப்படி ஏறுகிறவர்கள் உண்டு. படத்தில் பெரிய குறையில்லாமலே, கழிப்பறையில் உட்கார்ந்தால் எழ முடியாமல் தவிப்பவர்களும் உண்டு.

பூ கட்டி விற்கும் ஓர் அக்கா, படம் எடுத்த நாளிலிருந்து நடப்பதையே விட்டுவிட்டார். "தேஞ்சது போகட்டும், இருக்கிறதையாவது காப்பாத்திக்கலாம்னுதாம்மா" என்றார். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் மூட்டின் உள்ளே நடப்பது வேறு. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அதற்கான உணவு மூட்டு நீரிலிருந்துதான் வர வேண்டும். காலை ஊன்றும்போது அழுந்தி, தூக்கும்போது விரிந்து, ஸ்பாஞ்சு தண்ணீரை இழுப்பதுபோல அது அந்த நீரை இழுத்துக்கொள்கிறது. நடையை நிறுத்தினால் அதன் தீனியையும் நிறுத்துகிறோம்.

குருத்தெலும்புக்கு நரம்பும் இல்லை. வலி அதைச் சுற்றியிருக்கும் இடங்களிலிருந்து வருகிறது: அடியிலுள்ள எலும்பு, தசைநார்கள், மூட்டை உள்ளிருந்து மூடியிருக்கும் சவ்வு. இந்தச் சவ்வு அழற்சி கண்டால் நீரை அதிகமாகச் சுரக்கும். "நீர் கோத்துக்கிச்சு" என்கிறோமே, அது இதுதான். நீர் கோத்த முட்டி தொடையின் முன்தசையை வேலை செய்ய விடாது. தசை இளைத்தால் அது தாங்கிய பாரமும் மூட்டின் மேலேயே விழும்.

அந்த அக்காவைப் படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டிவைத்து, அழுத்தச் சொன்னேன். முட்டிக்கு மேலே உட்புறத்தில் தசை விரலை எதிர்த்து எழ வேண்டும். அவருக்கு லேசாகத் துடித்து அடங்கிவிட்டது. ஐந்து எண்ணும்வரை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்துவது. கொஞ்சம் பலம் வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவது. பிறகு கைபிடிக்காமல் எழுந்து உட்காருவது. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். தரையில் குந்திப் பூக்கட்டுவதை மட்டும் ஸ்டூலுக்கு மாற்றச் சொன்னேன்.

"ஒரு ஊசி போட்டா உடனே கேக்குமாமே?" என்று கேட்காதவர் குறைவு. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும். ஆனால் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு கழித்து வலி குறைந்து நன்றாக நடமாடியவர்கள் ஊசி போட்டவர்களைவிட இயன்முறை சிகிச்சை பெற்றவர்களே. ஊசியைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது, மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை. வயிற்றில் புண்ணாகும், சிறுநீரகம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும். முட்டியில் தடவும் டைக்ளோஃபினாக் ஜெல்லில் ரத்தத்துக்குள் போவது மிகக் குறைவு. நொச்சி இலை ஒத்தடமும் முடக்கத்தான் தோசையும் இதமாக இருந்தால் தொடரட்டும். உடற்பயிற்சியை மட்டும் விட வேண்டாம். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்குச் சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறது.

எல்லா முட்டிவலியும் தேய்மானம் அல்ல. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு விடாமல், கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் முடக்குவாதமா என்று ரத்தப் பரிசோதனை செய்துபார்க்க வேண்டும். முட்டி சிவந்து, கொதித்து, காய்ச்சலும் அடித்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே சீழ் பிடித்திருந்தால் சில நாட்களில் மூட்டே அழிந்துவிடும்.

இரவுத் தூக்கமும் போய், கால் வளைந்து, எதற்கும் கேட்காதவர்களுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நல்ல வழி. செயற்கை மூட்டுகளுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தது. பரவலாகப் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று அப்போது நிர்ணயித்தார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளிலேயே செய்துகொள்ளலாம். அறுவைக்குத் தேதி வாங்கிவிட்டு, அதுவரை படுத்தே இருக்கிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. அறுவை முடிந்த மறுநாளே எழுப்பி நடக்க வைப்பார்கள். அன்றைக்கு ஊன்றி நிற்க அதே தொடைத்தசைதான் வேண்டும்.