பேரனின் கோல்ஃப் பந்தும் பதினைந்து எண்களும்



போன வாரம் போட்ட புகைப்படத்தில் என் கையில் கோல்ஃப் மட்டையைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்த வயசுல புது ஆட்டமா?" என்று நாற்பது பேருக்கு மேல் கேட்டுவிட்டீர்கள். சம்பந்தியம்மா போன் போட்டே விசாரித்தார்கள். மட்டை என் பேரனுடையது. புகைப்படத்துக்காகப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். ஆனால் அந்த மட்டையின் கைப்பிடி நுனியில் கோட்டுப் பொத்தான் போல ஒன்று திருகியிருந்ததை எத்தனை பேர் கவனித்தீர்களோ தெரியவில்லை. இன்று அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பொறுமையில்லாதவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள்.

மகள் வீடு டெக்சாஸில் ஃபிரிஸ்கோ என்ற ஊரில் இருக்கிறது. கோல்ஃப் சொல்லித் தருகிறவர்களின் சங்கமான பி.ஜி.ஏ. ஆஃப் அமெரிக்கா, 2022-ல் தன் தலைமையகத்தையே இந்த ஊருக்கு மாற்றிக்கொண்டது. நம் ஊரில் தெருவுக்குத் தெரு கிரிக்கெட் போல இங்கே பிள்ளைகள் கோல்ஃப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். என் பேரனுக்குப் பதினாலு வயது. போன வருடம் பள்ளி அணித் தேர்வுக்குப் போய் இடம் கிடைக்காமல் திரும்பியவன். இந்த வருடம் எப்படியாவது சேர்ந்துவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அவனுக்கு இருந்ததைவிட அவன் அப்பாவுக்குப் பிடிவாதம் கூட.

மாப்பிள்ளை கராஜில் காரை வெளியே நிறுத்திவிட்டு வலை கட்டி, பச்சை விரிப்புப் போட்டு, ஒரு லாஞ்ச் மானிட்டரும் வாங்கி வைத்திருக்கிறார். சின்னப் பெட்டிதான், உள்ளங்கையில் அடங்கும். பந்துக்கு ஆறேழு அடி பின்னால் தரையில் வைத்தால், ஒவ்வொரு அடிக்கும் மட்டையின் வேகம், பந்தின் வேகம், எழும்பிய கோணம், சுழற்சி, போகும் தூரம் எல்லாம் போனில் வந்து விழுகிறது. உள்ளே இருப்பது ரேடார். டாப்ளர் விளைவை உங்களுக்கு எட்டாம் வகுப்பிலேயே ரயில்வே கேட் கதையாகச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? ரயில் நம்மை நோக்கி வரும்போது ஊதல் கீச்சென்று கேட்கும், தாண்டிப் போனதும் குரல் இறங்கிவிடும். இதுவும் அதேதான். பெட்டி நுண்ணலையை அனுப்புகிறது, விலகி ஓடும் பந்தில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் குறைகிறது. எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து வேகம் தெரிகிறது. 1842-ல் டாப்ளர் எழுதியதை வைத்து என் மாப்பிள்ளை கராஜில் பையனை அதட்டிக்கொண்டிருந்தார் என்றால் பாருங்கள்.

இந்த வகைக் கருவியில் பேர் பெற்றது டென்மார்க்கின் டிராக்மேன். 2003-ல் தொடங்கிய கம்பெனி. அவர்களுடைய பெரிய கருவி இருபதாயிரம் டாலருக்கு மேல் போகும், தொழில்முறை ஆட்டக்காரர்கள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பயிற்சி எடுக்கிறார்கள். எனக்குப் பிடித்த ஒரு சங்கதி இதில் உண்டு. மட்டை எந்தப் பாதையில் வீசப்படுகிறதோ அந்தத் திசையில்தான் பந்து கிளம்பும் என்று பல காலம் சொல்லிக் கொடுத்து வந்தார்கள். ரேடார் வந்து அளந்து பார்த்ததும், பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பந்தைத் தொடும் நொடியில் மட்டையின் முகம் பார்க்கும் திசை என்று தெரிந்தது. முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம்தான் பந்தை வளைக்கிறது. ஆண்டுக்கணக்கில் நடத்திய பாடத்தைத் திருத்திக்கொண்ட வாத்தியார்களை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வந்து இறங்கிய இரண்டாம் நாள் மகள் அடுப்படியில் மெதுவாகச் சொன்னாள், "அம்மா, ரெண்டு பேரும் சாப்பிடும்போது முகம் பார்த்துப் பேசிக்கிறதே இல்ல." காரணம் அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. பையன் அடிப்பான், மாப்பிள்ளை போனைப் பார்த்து எண்ணைச் சத்தமாக வாசிப்பார். "எண்பத்தாறு." அடுத்த அடி. "எண்பத்தஞ்சு. ஏன்டா குறையுது?" அடுத்த அடி. பையன் பல்லைக் கடித்துக்கொண்டு சுழற்றுவான். "தொண்ணூத்தி மூணு! அப்படிப் போடு!" ஒரு மணி நேரம் இப்படி. கடைசியில் பையன் மட்டையை விரிப்பில் போட்டுவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இராத்திரி தோசைக்குக்கூட இறங்கி வரவில்லை.

எழுதுகிற பிள்ளையின் தலைக்கு மேல் நின்று ஒவ்வொரு வரிக்கும் சரி, தப்பு என்று சொன்னால் அது எழுத்தைப் பார்க்காது, நம் முகத்தைத்தான் பார்க்கும். உடற்பயிற்சித் திறன்களை ஆராய்ந்தவர்களும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் உடனுக்குடன் முடிவைச் சொல்லிக்கொண்டே இருந்தால் அந்த நேரத்துக்கு முன்னேற்றம் தெரியும். சொல்வதை நிறுத்தியதும் பாதி போய்விடும். விட்டு விட்டுச் சொன்னால்தான் கற்றது தங்கும்.

மாப்பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அலுவலகம் முடிந்து வந்து சட்டைகூட மாற்றாமல் கராஜில் நிற்கிற மனிதர். அதனால் கணக்கு வழியாகப் போனேன். மறுநாள் காலை காபியோடு போய், "மாப்பிள்ளை, நேத்து அடிச்சதெல்லாம் போன்ல இருக்குமா? கொஞ்சம் காட்டுங்களேன்" என்றேன். இருந்தது.

"இந்தத் தொண்ணூத்தி மூணு மைல் மட்டையோட வேகம்தானே? பந்தோட வேகம் எவ்வளவு?"

"நூத்தி இருபத்திரண்டு, அத்தை."

"இந்த எண்பத்தாறுக்கு?"

பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "நூத்தி இருபத்தி நாலு."

இரண்டையும் வகுத்துப் பாருங்கள். 122-ஐ 93-ஆல் வகுத்தால் 1.31. 124-ஐ 86-ஆல் வகுத்தால் 1.44. இந்த விகிதத்துக்கு ஸ்மாஷ் ஃபாக்டர் என்று பெயர். டிரைவர் என்கிற பெரிய மட்டையில் 1.5-ஐ நெருங்கினால் மட்டை முகத்தின் நடுவில் பந்து பட்டிருக்கிறது என்று பொருள். பையன் மெதுவாகச் சுழற்றியபோது பந்து நடுவில் பட்டு வேகமாகப் போயிருக்கிறது. அப்பா சந்தோஷப்படட்டும் என்று மூச்சைப் பிடித்து வீசியபோது ஓரத்தில் பட்டு வேகம் குறைந்திருக்கிறது. கருவி உண்மையைத்தான் சொன்னது. வாசித்தவர் ஒரு கட்டத்தை மட்டும் வாசித்துவிட்டார். மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் காபியை ஆற விட்டார்.

அன்று முதல் ஒரு ஏற்பாடு. பதினைந்து பந்து அடித்து முடிக்கும் வரை யாரும் போனைத் தொடக்கூடாது. முடிந்ததும் பையனே பார்த்து, பையனே நோட்டில் எழுத வேண்டும். நோட்டு என்னுடையது, ஊரிலிருந்து கொண்டுவந்த கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. பேனாவால் எழுதச் சொன்னதற்கு முகத்தைச் சுளித்தான். பிறகு பழகிவிட்டான்.

கராஜில் பந்து பத்து அடியில் வலையில் மோதிவிடும் என்பதால் தூரம் என்று வருவது ஊகித்துப் போட்ட கணக்குதான். ஆகையால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால் (இங்கே ஆகஸ்டில் 100 டிகிரி ஃபாரன்ஹீட் சர்வ சாதாரணம்), பெட்டியைத் தூக்கிக்கொண்டு திறந்தவெளிப் பயிற்சித் திடலுக்குப் போனோம். 7 அயர்ன் என்ற மட்டையால் பதினைந்து பந்து அடித்தான். யார்டு கணக்கில் வந்தவை இவை: 148, 131, 139, 142, 127, 136, 140, 98, 138, 144, 133, 137, 141, 129, 139.

போவதற்கு முன்பே கேட்டிருந்தேன், "உன் செவன் அயர்ன் எவ்வளவு தூரம் போகும்டா?" யோசிக்காமல் சொன்னான், "ஒன் ஃபிஃப்டி, அம்மாச்சி."

நோட்டைப் பார்த்து சராசரி போடச் சொன்னேன். கூட்டினால் 2022, பதினைந்தால் வகுத்தால் 134.8. "அந்தத் தொண்ணூத்தெட்டு மிஸ்ஹிட், அதைச் சேர்க்கக்கூடாது" என்று வாதாடினான். அதை எடுத்துவிட்டுப் போட்டாலும் 137.4-தான். அப்புறம் வரிசைப்படுத்தி நடு எண்ணைப் பார்க்கச் சொன்னேன். எட்டாவது எண் 138. ஒரேயொரு மோசமான அடி சராசரியைக் கீழே இழுக்கிறது, இடைநிலை அளவை அசைக்க முடியவில்லை. இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் எத்தனை வருடம் நடத்தினேன்! நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டால் என்றோ ஒரு தடவை வாங்கிய 95-ஐச் சொல்லுகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. இதைப் படிக்கிற சிலருக்கு இப்போது சிரிப்பு வரும், யாரென்று எனக்கும் தெரியும்.

சட்டைப் பொத்தான் கதை இங்கேதான் வருகிறது. அது சென்சார். ஒரு ஆட்டக்காரர் அதிகபட்சம் பதினான்கு மட்டைதான் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. பதினான்கிலும் ஆளுக்கொன்று திருகி வைத்தால், மைதானத்தில் எந்த இடத்தில் எந்த மட்டையால் அடித்தான், பந்து எங்கே போய்க் கிடந்தது என்று ஜி.பி.எஸ். மூலம் பதிவாகிவிடும். ஆறு ஆட்டத்துப் பதிவை உட்கார்ந்து எண்ணினோம். குழி இருக்கிற பச்சைத் தரையில் விழாமல் தவறிய அடிகள் 78. அவற்றில் 51 முன்னாலேயே விழுந்தவை. இடதோ வலதோ அல்ல, எட்டவில்லை. காரணம் நோட்டிலேயே இருந்தது. கொடி 145 யார்டில் இருந்தால் அவன் 7 அயர்னை எடுக்கிறான். மேலே உள்ள பதினைந்தில் 145-ஐத் தாண்டியது எத்தனை என்று நீங்களே எண்ணுங்கள். ஒன்றே ஒன்று. 6-ஐ எடுத்து நிதானமாக அடித்தால் போதும். அதை எடுக்க அவனுக்குக் கௌரவக் குறைச்சல், கூட ஆடுகிற பையன்கள் 8 எடுப்பார்களாம்.

இன்னொன்றும் அவனை அரித்துக்கொண்டிருந்தது. எட்டடி தூரத்திலிருந்து குழிக்குள் தட்டுவதைத் தவறவிட்டால் அந்த ஆட்டம் முழுக்கத் தன்னையே திட்டிக்கொள்வான். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி என்பவர், தொழில்முறை ஆட்டங்களில் பதிவான லட்சக்கணக்கான அடிகளை ஆராய்ந்து ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்ட் என்ற கணக்கு முறையைக் கொண்டுவந்தார். 2011 முதல் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் அதை வெளியிடுகிறார்கள். 2014-ல் புத்தகமாகவும் எழுதினார். அதில் உள்ள ஒரு கணக்கு: எட்டடியிலிருந்து உலகின் முதல்தர ஆட்டக்காரர்களே இரண்டுக்கு ஒன்றுதான் போடுகிறார்கள். அதாவது அங்கிருந்து சராசரி ஒன்றரை அடி. ஒரே தட்டில் போட்டால் அரை லாபம், இரண்டு தட்டினால் அரை நட்டம். இதைச் சொன்னதும் பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "நெஜமாவா? ப்ரோஸ்கூட மிஸ் பண்ணுவாங்களா?" பதினாலு வயதுப் பிள்ளை இவ்வளவு நாள் எதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறது என்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அதே பேராசிரியர் பெரிய ஆட்டக்காரர்களுக்கு இடையிலான வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு நூறு யார்டுக்கு மேற்பட்ட அடிகளில்தான் வருகிறது என்றும் காட்டியிருக்கிறார். ஆட்டமே கடைசித் தட்டில்தான் என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய இடி. எங்கள் வீட்டிலும் அந்த நாளிலிருந்து கராஜ் நேரத்தில் பாதியை 6, 7, 8 அயர்ன்களுக்கு ஒதுக்கினோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. பெட்டிக்குக் காசு கொடுத்த பிறகும், அது காட்டும் எண்களில் சிலவற்றைத் திறந்து பார்க்க வருடச் சந்தா கட்டச் சொல்கிறார்கள். நம் பிள்ளையின் மதிப்பெண்ணை நமக்கே வாடகைக்கு விடுவதா? மாப்பிள்ளை சிரிக்கிறார்.

தேர்வு போன செவ்வாய்க்கிழமை நடந்தது. மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு, ஆனால் மைதானத்துக்குள் வராமல் வண்டி நிறுத்துமிடத்திலேயே இருந்தார். அது அவராக எடுத்த முடிவு. நான் வேலியோரமாகக் குடை பிடித்துக்கொண்டு நடந்தேன். பதினோராவது குழியில் பையன் பையிலிருந்து ஒரு மட்டையை எடுத்தான், திரும்ப வைத்தான், பக்கத்து மட்டையை எடுத்தான். என்ன எண் என்று அவ்வளவு தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. பந்து கொடியைத் தாண்டி விழுந்தது. மொத்தம் 87 அடி. பள்ளியின் முதல் அணியில் இடமில்லை, இரண்டாம் அணியில் எடுத்திருக்கிறார்கள்.

வண்டியில் ஏறியதும் அவன் அப்பா ஒன்றுமே கேட்கவில்லை. பையனே ஆரம்பித்தான். முதல் குழியிலிருந்து பதினெட்டு வரை வீடு வந்து சேரும் வரை சொல்லிக்கொண்டே வந்தான், அப்பாவும் மகனும் நடுவில் தமிழும் இங்கிலீஷுமாகச் சண்டை வேறு. நான் பின்சீட்டில் தூங்குவதுபோல் சாய்ந்துகொண்டேன்.

இப்போது ஏழாம், எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற என் மாணவிகளுக்கு: மேலே உள்ள பதினைந்து எண்களைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். முகடு கேட்டால் 139. சராசரி, இடைநிலை, முகடு மூன்றும் வேறு வேறாக வருவதால் கேள்வித்தாளுக்கு நன்றாக இருக்கும். 6 அயர்ன், 8 அயர்ன் எண்களும் நோட்டில் இருக்கின்றன, வேண்டியவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள். மூன்றாம் பக்கத்தில் சாம்பார் கறை பட்டிருக்கிறது, அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.