இல்லத்திற்கு ஏற்ற விரிப்பு எது?

தென்காசியிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில் கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி ஆகிய ஊர்களைக் கடந்தால் ராஜபாளையம் வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை வழி நெடுக உடன் வருகின்றது. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ஆலைக்குப் பின் நூற்பாலைகள் பெருகிய ஊர் இது. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யப்படுகின்றது.

பருத்தியால் வாழும் இவ்வூரில் உறவினர் ஒருவர், வளைகுடா நாட்டில் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பொருளில் வீடு கட்டினார். கூடத்திலும் அறைகளிலும் சுவருக்குச் சுவர் கார்ப்பெட் ஒட்டச் செய்தார். குடிபுகுந்த நாளில் அதில் கால் பதித்தபோது எவ்வளவு மென்மை என்று நானும் வியந்தேன்.

ஐப்பசி மழைக்குப் பின் மீண்டும் சென்றபோது, வாசலிலேயே புழுங்கிய வாடை எதிர்கொண்டது. ஆஸ்துமா உள்ள அவருடைய தாயாருக்கு இரவெல்லாம் இழுப்பு. பேரக்குழந்தை சிறுநீர் கழித்த இடம் எதுவரை பரவியது என்று எவருக்கும் தெரியவில்லை. லுஹர் நேரம் வந்தது. அந்த மூதாட்டி முஸல்லாவை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரையின் வெறுந்தரைக்குச் சென்றார். மகன் ஆசையாய் விரித்த கூடத்தில் அவரால் மனநிறைவோடு ஸஜ்தா செய்ய இயலவில்லை. அதைக் கண்டு மகன் தலைகுனிந்து நின்றார்.

குறை எங்கே நேர்ந்தது? புதிய சிமெண்ட் தளத்தின் ஈரம் முழுமையாக வெளியேறச் சில மாதங்களேனும் ஆகும். அதற்குமுன் பசை தடவி மூடிவிட்டால் ஈரம் அடியிலேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இழைகளுக்குள் தூசியும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகளும் சேரும். இவை ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியவை. தொழுமிடம் தூய்மையாக இருப்பது தொழுகையின் நிபந்தனை என்பதை நாம் அறிவோம். தரையோடு ஒட்டிய விரிப்பைத் தூக்கி அலசுவது எங்ஙனம்?

அங்கிருந்து சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சென்றேன். தமிழக அரசு முத்திரையில் இடம்பெற்ற கோபுரமும், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவும் அவ்வூரை உலகறியச் செய்தவை. அங்கே மற்றோர் உறவினர் வீட்டில் சிவப்புச் சிமெண்ட் தரை கண்ணாடிபோல் மின்னியது. விருந்தினர் வந்ததும் பவானி ஜமக்காளம் விரிந்தது. தொழுகை நேரத்தில் பத்தமடைப் பாய் விரிந்தது. வேலை முடிந்ததும் இரண்டும் சுருண்டு மூலைக்குச் சென்றன. அவ்வீட்டுப் பெண்மணி ஜமக்காளத்தைத் துவைத்து வெயிலில் போடுகிறார். பாயை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துகிறார்.

பத்தமடை, திருநெல்வேலி மாவட்டத்து ஊர். கோரையைக் கீறிப் பருத்தி நூற்பாவில் நெய்யும் அக்கலையை வளர்த்தவர்கள் நம் சமுதாயத்தவரே. இன்றும் பெண்களே பெரும்பாலும் நெய்கின்றனர். பட்டுத் துணிபோல் மடங்கும் அப்பாய், 1953-ல் இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவிற்கும் அனுப்பப்பட்டது.

கார்ப்பெட் வேண்டவே வேண்டாம் என்று நான் கூறவில்லை. சுவனத்தில் விரிக்கப்பட்ட கம்பளங்களைப் பற்றித் திருமறையின் அல்காஷியா அத்தியாயம் பேசுகின்றது. நீங்கள் வாங்க விரும்பினால் சிலவற்றைக் கவனியுங்கள். ஒரு பாலிதீன் தாளைத் தரையில் பரப்பி, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கண்டால் தரை இன்னும் காயவில்லை. சுவருக்குச் சுவர் ஒட்டாமல், இருவர் தூக்கக்கூடிய தனி விரிப்பாக வாங்குங்கள். குட்டையான இழையில் தூசி குறைவாகத் தங்கும். கம்பளி மென்மையானது; ஆயினும் விலை அதிகம், பூச்சி அரிக்கும். பாலிப்ரொப்பிலீன் ஈரத்தை உறிஞ்சாது, விலையும் குறைவு. ஆனால் நாளடைவில் இழை படிந்துவிடும். முதியோர் வழுக்கி விழாதிருக்க அடியில் ரப்பர் வலை இடுங்கள். கதவு தடையின்றித் திறக்கிறதா என்று அளந்த பிறகே பணம் கொடுங்கள்.

நபி (ஸல்) அவர்கள் ஈச்ச ஓலையால் ஆன சிறு பாயில் தொழுததையும், பாயின் தடம் அவர்களுடைய விலாவில் பதிந்திருக்கக் கண்டு உமர் (ரலி) அவர்கள் அழுததையும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். விரிப்பின் விலையன்று, அதில் நெற்றி பதிப்பவரின் மனநிறைவே வீட்டிற்கு அழகு.

ராஜபாளையத்து வீட்டில் பின்னர் கார்ப்பெட்டைப் பெயர்த்தெடுத்துவிட்டனர். பசையின் தடம் தரையில் இன்னும் இருக்கின்றது. அதன்மேல் ஒரு பத்தமடைப் பாய் விரித்திருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், அந்தத் தாயார் இப்போது கூடத்திலேயே தொழுகிறார்.