வெடிச் சத்தம் கேட்காத ஊர்

 

சுற்றுலா என்றாலே நமக்கு ஊட்டியும் கொடைக்கானலும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் நம் சிவகங்கை மாவட்டத்திலேயே காலால் நடந்து பார்க்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. அதுதான் திருப்பத்தூர் பக்கத்தில் உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்களும் சேர்ந்ததுதான் இது. மொத்தப் பரப்பு 38.4 ஹெக்டேர், அதாவது சுமார் 95 ஏக்கர். 1977ஆம் ஆண்டு ஜூன் மாதம் சரணாலயமாக அறிவித்தார்கள்.

எங்கள் அயித்தை வாக்கப்பட்டது அந்தப் பக்கத்து ஊரில். போன அரையாண்டு லீவுக்கு நானும் என் தம்பியும் அங்கே போனோம். காரைக்குடியில் பஸ் ஏறி, திருப்பத்தூரில் மாறிப் போக வேண்டும். மறுநாள் விடியற்காலையில் அயித்தையும் அயித்தை மகளும் எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

கண்மாய்க் கரை மேலே நடந்தோம். மார்கழிப் பனி. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் கதிர் வாங்கிய நெல் வயல். தண்ணீருக்கு நடுவே கருவேல மரங்கள் குட்டிக் குட்டித் தீவு மாதிரி நின்றன. ஒவ்வொரு மரத்திலும் கூடுகள்! நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், சாம்பல் நாரை என்று அயித்தை மகள் கைகாட்டிக்கொண்டே வந்தாள். நத்தைகுத்தி நாரைக்கு அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். ஆனால் குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும்.

மடைப் பக்கம் ஒரு ஐயா மம்பட்டியோடு நின்றார். "பறவை எச்சம் கலந்த தண்ணி ஆத்தா இது. வயலுக்குப் பாஞ்சா அதுவே உரம். அதுக நமக்குச் செய்யுது, நாம அதுகளுக்குச் செய்யிறோம்" என்றார்.

அவர் சொன்ன 'செய்யிறோம்' என்னவென்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கல்யாணம், திருவிழாவுக்கும் வேட்டு இல்லை. நாற்பது வருடத்துக்கும் மேலாக ஊர் மக்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகி, பறவைகள் வந்து சேரும் நேரத்தில்தான் தீபாவளியும் வருகிறது. வெடி வெடித்தால் தாய்ப் பறவை பயந்து பறந்துவிடும். அந்த நேரத்தில் காக்கை முட்டையையும் குஞ்சையும் தூக்கிவிடும். பயந்த பறவை மறு வருடம் வராமலும் போகலாம்.

என் தம்பிக்கு எட்டு வயசு. "அப்ப இந்த ஊருப் பிள்ளைகள்லாம் பாவம்" என்றான். அயித்தை மகள் சிரித்துவிட்டு, "எங்களுக்கும் ஆசைதான்டா. ஆச்சி வீட்டுக்குப் போனா அங்க வெடிப்போம். இங்க மட்டும் இல்ல" என்றாள்.

எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஆசையே இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஆசை இருந்தும் விட்டுக்கொடுக்கிறார்கள், அதுவும் ஒரு வருடம் இல்லை, ஒவ்வொரு வருடமும்!

கரை இறங்கி, வரப்பில் நடந்து, அடுத்த ஊர், அடுத்த கண்மாய் என்று மதியம் வரை நடந்தோம். போன வழியெல்லாம் பறவைச் சத்தம்தான்.

எங்கள் ஊரிலும் கண்மாய் இருக்கிறது. இரண்டு வருடமாக நாலைந்து நாரைகள் கூடு கட்டுகின்றன. ஆனால் சாமி கும்பிடுக்கு அந்தக் கரையில் வைத்துத்தான் வேட்டுப் போடுவார்கள். வீட்டில் வந்து இதைச் சொன்னேன். "வேட்டு இல்லாம சாமி கும்பிடா? நல்லா இருக்குடி!" என்று அப்பத்தா ஏசியது. அப்பா மட்டும், "வேட்டே வேண்டாம்னா கேக்க மாட்டாக. கரையை விட்டுத் தள்ளிப் பொட்டல்ல போடலாம்னு ஊர்க் கூட்டத்துல பேசிப் பாக்குறேன்" என்றார். கூட்டம் பங்குனியில்தான். என்ன முடிவாகும் என்று தெரியாது. தம்பி இப்போதே தன் கூட்டாளிகளிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

நண்பர்களே! உங்கள் ஊர்க் கண்மாயிலும் கூடு இருக்கிறதா என்று ஒரு நாள் கரையில் நடந்து பாருங்கள். இருந்தால் வீட்டில் பேசுங்கள். ஏச்சு விழுந்தாலும் பரவாயில்லை.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி